மாஸ்ட்ரோவும் மேஸ்திரியும்

உலகத்தில் வழங்கி வரும் புரட்டுகளில் சில முரட்டுப் புரட்டுகள். சில நாகரிகப் புரட்டுகள். முரட்டுப் புரட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். சாமி வந்து ஆடுகிறவனை நாலு கேள்வி கேட்டால் சாமி மலையேறி விடும். நாகரிகப் புரட்டோ அப்படியல்ல. அது சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, படித்தவர்கள் வாயிலே உட்கார்ந்துகொண்டு, மெதுவாகப் பேசும். அப்படிப்பட்ட நாகரிகப் புரட்டுகளில் ஒன்றுதான், "வித்தை என்பது பிறவியில் வருவது, தெய்வம் பார்த்துக் கொடுப்பது, மற்றவன் எவ்வளவு முட்டிக்கொண்டாலும் வராது" என்பதாகும்.

இந்தப் புரட்டு மேல்நாடுகளில் எங்கே அதிக மரியாதையோடு குடியிருக்கின்றது என்றால், கோவிலில்கூட அல்ல, சங்கீத மண்டபத்திலேயாகும். அங்கே எண்பது, நூறு பேர் பிடிலும் குழலும் முரசுமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு எதிரே ஒரு சிறு மேடையில் ஒருவர் கறுப்பு உடுப்போடு, கையில் ஒரு சிறு குச்சியோடு நிற்பார். அவருக்குக் கண்டக்டர் என்று பேர். பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவருக்கும் அதே பேர்தான், கூலிதான் வேறு. இந்தக் குச்சிக்காரர் ஒரு சத்தமும் போடுவதில்லை. ஆனாலும் கச்சேரி முடிந்ததும் கைதட்டலில் பெரும்பங்கு அவருக்கே. சுவரொட்டியில் பெரிய எழுத்து அவர் பேருக்கே. சம்பளமோ வாத்தியக்காரர் சம்பளத்தைப் போல் பல மடங்கு. பத்திரிகைக்காரர்கள் அவரை "மாஸ்ட்ரோ" என்பார்கள். அவர் கண்ணில் ஜோதி தெரிந்தது, கையில் தெய்வம் இறங்கியது என்று எழுதுவார்கள்.

மாஸ்ட்ரோ என்ற சொல்லைக் கேட்டு நாம் பயப்பட வேண்டியதில்லை. அது நமக்கு நெருங்கிய சொந்தம். ஒரே லத்தீன் வேர்ச் சொல் இத்தாலியில் மாஸ்ட்ரோ ஆயிற்று. போர்த்துகீசியரிடம் மெஸ்த்ரே ஆயிற்று. அந்தப் போர்த்துகீசியர் கப்பலேறி வந்து நம்மிடம் விட்டுப்போனதே மேஸ்திரி. கட்டிட வேலையில் மட்டம் பார்த்து, ஆளுக்கு ஆள் வேலை பிரித்து, தப்பு நேர்ந்த இடத்தில் நிறுத்தித் திருத்துகிறாரே அவர்தான் மேஸ்திரி. சங்கீத மண்டபத்துக் குச்சிக்காரர் செய்வதும் இதே வேலைதான். அப்படியிருக்க, கொத்தனார் மேஸ்திரிக்கு இல்லாத தெய்வாம்சம் இவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்கின்றோம்.

சங்கீத சாஸ்திரத்தை நாம் முறையாகப் படித்தவர்களல்ல. படித்தவர்கள்தான் பேச வேண்டும் என்று யாராவது சொல்வாரானால், படித்தவர்கள் இவ்வளவு காலம் இந்தப் புரட்டைப் பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதே நமது பதில்.

நிற்க, முதலில் இந்தக் குச்சியின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். பிரான்சு தேசத்தில் 14-ம் லூயி என்ற அரசனிடம் லூலி என்ற சங்கீதத் தலைவர் இருந்தார். 1686-ம் வருஷம் நவம்பரில் அரசனுக்கு ஆசனப் பக்கத்தில் புரை வைத்து, ஒரு சத்திர வைத்தியர் கத்தியால் அறுத்துக் குணமாக்கினார். அறுத்தது வைத்தியர், நன்றி மட்டும் கடவுளுக்கு! அந்த நன்றிக்காக 1687 ஜனவரியில் நடந்த தோத்திரக் கச்சேரியில் லூலி நீண்ட தடியைத் தரையில் தட்டித் தாளம் காட்டிக்கொண்டிருந்தபோது, தடி தவறிக் கால் விரலில் இடித்துவிட்டது. காயம் அழுகிற்று. காலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை என்பார்கள். மார்ச்சு மாதம் செத்தே போனார். தோத்திரம் பாடினவர் காலைக் காப்பாற்றக் கடவுளுக்குச் சவுகரியப்படவில்லை. பிறகு தடி சுருங்கிக் குச்சியாயிற்று. இதைச் செய்தது பக்தியல்ல. பெரிய கோஷ்டிகள் ஒன்றாக வாசிக்க வேண்டிய அவசியமும், அனுபவமுமேயாகும்.

இனி நம் காலத்து மேஸ்திரி ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். அவர் பேர் எஸா-பெக்கா சாலோனென். பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரத்தில் 1958-ம் வருஷம் பிறந்தவர். கோஷ்டி நடத்துகிறவர், அத்தோடு தாமே இசை இயற்றுகிறவர். இவருடைய கதையில் பத்திரிகைக்காரர்கள் தவறாமல் எழுதும் அற்புதம் ஒன்று உண்டு. 1983-ம் வருஷம் லண்டனில் பில்ஹார்மோனியா என்ற கோஷ்டி, மாஹ்லர் இயற்றிய மூன்றாவது சிம்பொனியை வாசிக்க ஏற்பாடாகியிருந்தது. நடத்த வேண்டியவர் வர முடியாமற் போயிற்று. சில நாட்களே பாக்கி. 25 வயதுப் பையனான சாலோனென் அழைக்கப்பட்டார். அந்தச் சிம்பொனி லேசானதல்ல. ஆறு பாகம், வாசிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், பெரிய கோஷ்டி, தனிப் பாடகி ஒருவர், பெண்கள் கூட்டம், சிறுவர் கூட்டம் எல்லாம் சேர்ந்தது. அதை அவர் நடத்தி முடித்தார். மறுநாளே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. "இது தெய்வச் செயலன்றி வேறென்ன?" என்கிறார்கள்.

வேறென்ன என்பதை நாம் சொல்கின்றோம். அந்தப் பையன் ஹெல்சிங்கியில் உள்ள சிபேலியஸ் கலாசாலையில் ஹார்ன் என்னும் பித்தளைக் குழலை முறையாகப் படித்தவர். ஆகவே, கோஷ்டியின் நடுவில் உட்கார்ந்து குச்சிக்காரரின் கையைப் பார்த்து வாசிப்பது எப்படியிருக்கும் என்று தெரியும். இசை இயற்றுவதைப் படித்தவர். ஆகவே, ஒரு பெரிய இசைப் பிரதி எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரியும். வீடு கட்டத் தெரிந்தவனுக்கு அடுத்தவன் கட்டிய வீட்டின் சுவரும் உத்தரமும் சீக்கிரம் புலப்படாதா? அன்றியும், யோர்மா பானுலா என்ற ஆசிரியரிடம் கோஷ்டி நடத்தப் படித்தவர். பானுலா தம் மாணவர்களைக் கண்ணாடிக்கு எதிரே குச்சி ஆட்டச் சொல்லி ஏமாற்றவில்லை. உயிருள்ள வாத்தியக்காரர்களை உட்காரவைத்து அவர்கள் முன்னே நிறுத்தினார். ஆடியதைப் படம் பிடித்து, "பார், நீ செய்த தப்பை நீயே பார்" என்று காட்டினார். 1979-லேயே பின்லாந்து ரேடியோ கோஷ்டியைச் சாலோனென் நடத்தியிருக்கிறார். இத்தனையும் முன்னாலே நடந்திருக்க, லண்டனில் நடந்தது அற்புதமா, அறுவடையா? உழுததையும் நாற்று விட்டதையும் மறைத்துவிட்டுக் கதிரை மட்டும் காட்டினால் எந்த வயலும் அற்புதமாகத்தான் தோன்றும்.

சரி, தெய்வம்தான் கொடுத்தது என்றே ஒரு வாதத்துக்கு வைத்துக்கொள்வோம். அந்தத் தெய்வம் ஏன் பின்லாந்திலேயே இவ்வளவு தாராளமாக இருக்கின்றது? அந்த தேசத்து ஜனத்தொகை சுமார் 55 லட்சம். ஒரு பெரிய பட்டணத்துக்குக்கூடக் காணாது. அங்கிருந்து சாலோனென் மட்டுமா வந்தார்? சாரஸ்தே, வான்ஸ்கா, ஓரமோ, பிராங்க், மாக்கெலா என்று பானுலாவிடம் படித்த குச்சிக்காரர்கள் உலகத்துப் பெரிய கோஷ்டிகளுக்குப் போய்க்கொண்டேயிருக்கின்றார்கள். கடவுளுக்குப் பின்லாந்துக்காரர்கள் மாமன் மச்சான் முறையா என்று கேட்கின்றோம்.

விஷயம் வேறு. அந்த தேசம் 1866 முதல் 1868 வரை கொடிய பஞ்சத்தில் அடிபட்டு, ஜனங்களில் நூற்றுக்கு 8 பேர் மாண்டுபோன தேசம். 1917 வரை சொந்த ஆட்சியில்லாத தேசம். பஞ்சம் தீர்ந்து 14 வருஷம் ஆவதற்குள், 1882-ல், ஹெல்சிங்கியில் ஒரு சங்கீதப் பள்ளியும் ஒரு வாத்தியக் கோஷ்டியும் ஏற்படுத்தினார்கள். அந்தப் பள்ளிதான் பிற்காலத்தில் சிபேலியஸ் கலாசாலை ஆயிற்று. 1960-களின் கடைசியில் சங்கீதப் பள்ளிகளுக்குச் சர்க்கார் பணம் கொடுக்கச் சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் பள்ளி வந்தது. பள்ளியில் படித்தவர்கள் வாசிக்கக் கோஷ்டிகள் வந்தன. இவ்வளவு சிறு தேசத்தில் சம்பளம் வாங்கும் கோஷ்டிகள் சுமார் 30 இருக்கின்றன. ஜனங்களின் வரிப் பணம் பள்ளியானது. பள்ளி ஆளைச் செய்தது. இதை விட்டுவிட்டு, வரிகட்டினவனுக்கு வர வேண்டிய நன்றியை வானத்துக்குத் தபாலில் போடுவது என்ன யோக்கியதை?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நாமும் குருபக்திப் புரட்டுக்கு ஆளாவோம். மேலே புகழ்ந்த அதே பானுலா, 2014-ம் வருஷம் தொலைக்காட்சியில் பெண்கள் கோஷ்டி நடத்துவதைப் பற்றிக் கேட்டபோது, மென்மையான இசையை வேண்டுமானால் அவர்கள் நடத்தட்டும், கனமான இசை அவர்களுக்கு ஆகாது, இது சரீர அமைப்பைப் பற்றிய விஷயம் என்ற கருத்தில் பேசினார். கண்ணால் கண்டதைப் படம் பிடித்துக் காட்டிய அதே ஆசிரியர்! பிறவிப் புரட்டு எப்பேர்ப்பட்டவன் மூளையிலும் ஒரு மூலையில் ஒளிந்துகொண்டிருக்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

இதற்குப் பதில் நாம் சொல்ல வேண்டியதில்லை. அதே சிபேலியஸ் கலாசாலையில், அதே பானுலாவிடமும் படித்த சூசன்னா மால்க்கி என்ற அம்மையார் சொல்லிவிட்டார். வாயால் அல்ல, கையால். சுவீடனில் கோதன்பர்க் கோஷ்டியில் செல்லோ வாசித்துக்கொண்டிருந்த அவர், 2011-ல் மிலான் நகரத்து லா ஸ்காலா நாடகசாலையில் இசை நாடகம் நடத்தினார். அதற்கு முன் அங்கே ஒரு பெண்ணும் இசை நாடகம் நடத்தியதில்லை. 2016 முதல் 2023 வரை ஹெல்சிங்கி நகரக் கோஷ்டிக்கே தலைவராயிருந்தார். 2016 டிசம்பரில் நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் நாடகசாலையில் ஓர் இசை நாடகத்தை நடத்தினார். அதை இயற்றியவரும் ஒரு பெண். சாலோனெனின் கூட்டாளியான கையா சாரியாஹோ அம்மையார். அந்த நாடகசாலையில் அதற்கு முன் ஒரு பெண் இயற்றிய நாடகம் மேடையேறியது 1903-ல். நடுவில் 113 வருஷம்! அந்த 113 வருஷமும் பெண்களின் சரீரம் கெட்டுப்போயிருந்ததா, அல்லது ஆண்களின் புத்தி கெட்டுப்போயிருந்ததா?

இன்னொரு பிரத்தியட்ச அத்தாட்சி. அமெரிக்காவில் கோஷ்டிக்கு ஆள் எடுக்கும்போது, வாசிப்பவருக்கும் பரீட்சை செய்வோருக்கும் நடுவில் திரை போடும் வழக்கம் 1970-களிலிருந்து பரவிற்று. முகம் தெரியாது, ஆணா பெண்ணா, கறுப்பா வெளுப்பா தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். 1970-ல் அங்குள்ள பெரிய கோஷ்டிகள் ஐந்தில் பெண்கள் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. 1997-ல் நூற்றுக்கு 25. திரை ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் கண்ணை மூடினால்தான் காது ஒழுங்காக வேலை செய்கிறது என்றால் அந்தக் கண்ணில் இருந்தது என்ன? வியன்னா நகரத்துப் பேர்போன கோஷ்டி 1997 வரை பெண்களை அங்கத்தினராகச் சேர்க்கவேயில்லை. அந்த வருஷம் முதல் முதலாகச் சேர்க்கப்பட்ட யாழ்க்காரி, அதற்கு முன்பே இருபது வருஷத்துக்கு மேலாக அதே கோஷ்டியில் வாசித்து வந்தவர்! கை வேண்டும், ஆள் வேண்டாம் என்பது இதுதான். குச்சிக்காரரைத் தேர்ந்தெடுப்பதற்கோ இன்னமும் திரை கிடையாது. அவரைக் கண்ணால் பார்த்தே எடுக்கின்றார்கள். ஆகவே, பிறவிப் புரட்டு கடைசியாகப் போய் ஒளிந்துகொண்ட இடம் அந்தச் சிறு மேடைதான் என்பது நமதபிப்பிராயம்.

இனிச் சாலோனெனுக்குத் திரும்புவோம். 1977-ல் மாணவராயிருந்தபோது அவரும், சாரியாஹோ, லிண்ட்பர்க் முதலான கூட்டாளிகளும் ஒரு சங்கம் வைத்தார்கள். அதன் பேருக்கு, "காதைத் திற" என்று அர்த்தம். பழையதையே பூசித்துக்கொண்டிருந்த சங்கீத உலகத்தில் புதியதைக் கேட்கச் செய்வது அதன் உத்தேசம். நல்ல காரியந்தான். ஆனால் புதியவர்களும் ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார்கள். காதுக்கு இனிமையாயிருந்தால் சந்தேகப்பட வேண்டும். தாளம் காலைத் தட்டச் செய்தால் தப்பு. ஜனங்களுக்குப் பிடித்தால் அதில் ஏதோ குற்றம் இருக்க வேண்டும். பழைய மடத்தை இடித்த கல்லைக்கொண்டே புது மடம் கட்டிவிட்டார்கள்! சாலோனெனும் அந்த மடத்தில் தீட்சை பெற்றவரே.

1992-ல் அவர் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் கோஷ்டிக்குத் தலைவராகப் போனார். 2009 வரை 17 வருஷம் அங்கே இருந்தார். அங்கே போனபின்தான், தமக்கு இளமையில் ஓதப்பட்ட விலக்குகளை விலக்கியது யார், எதற்காக என்று தம்மையே கேட்டுக்கொண்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வியின் பலனாக 1997-ல் அரங்கேறியதுதான் "எல். ஏ. வேரியேஷன்ஸ்" என்ற அவருடைய இசை. பெரியோர் சொன்னார்கள் என்பதற்காகப் பழையதை ஒப்புக்கொள்வது எப்படி அடிமைத்தனமோ, அப்படியே நண்பர்கள் சொன்னார்கள் என்பதற்காகப் புதியதை ஒப்புக்கொள்வதும் அடிமைத்தனமே. தன் காதைத் தானே நம்பத் துணிவதற்குத்தான் சுயமரியாதை என்று பேர்.

அன்றியும், உலகம் மொய்த்துக்கொண்டிருந்த சமயத்தில், 2000-ம் வருஷம் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, இசை எழுதுவதற்கென்று ஒதுங்கினார். தெய்வம் காதில் ஓதுவதாயிருந்தால் ஒதுங்குவானேன்? ரயிலில் போகும்போதே ஓதியிருக்கலாமே! எழுத நேரம் வேண்டும், மேசை வேண்டும், எழுதியதை அடித்துத் திருப்பி எழுதும் பொறுமை வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸை விட்டுப் போகும் 2009-ம் வருஷத்தில் அரங்கேறிய அவருடைய பிடில் கச்சேரி இசைக்கு 2012-ல் அமெரிக்காவின் கிராவமேயர் பரிசு ஒரு லட்சம் டாலர் கிடைத்தது. அந்த இசையின் மூன்றாம் பாகத்தில், ஹோட்டல்களிலும் நடன சாலைகளிலும் அடிக்கும் டிரம் வாத்தியமும் சேர்ந்து முழங்குகிறது. பழைய மடமும் இதை ஒப்பாது. புது மடமும் ஒப்பாது. கேட்கிற காது ஒப்புகிறது.

அவர் காலத்தில் அங்கே ஒரு புது மண்டபமும் எழுந்தது. சினிமாவில் பேர்போன டிஸ்னியின் மனைவி 1987-ல் கொடுத்த 5 கோடி டாலரில் தொடங்கி, நடுவில் வருஷக்கணக்காக வேலை நின்று, சுமார் 27 கோடி டாலர் செலவில் 2003 அக்டோபரில் திறக்கப்பட்டது. கட்டிடத்துக்கு உருவம் கொடுத்தவர் பிராங்க் கேரி. சத்தம் எல்லா மூலைக்கும் எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டவர் டொயோட்டா என்ற ஜப்பானியர். இவர்கள் வாஸ்து பார்த்தார்களா? மண்டபத்தைப் பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகக் கட்டி, அதற்குள் சத்தத்தை ஓடவிட்டுச் சோதித்தார்கள். அதனால் சத்தம் நன்றாகக் கேட்கின்றது. பூசணிக்காய் உடைத்ததனால் அல்ல.

பிறகு 2008 முதல் 2021 வரை, பையனாயிருந்தபோது "அற்புதம்" நடத்திய அதே லண்டன் கோஷ்டிக்குத் தலைவரானார். அந்தக் காலத்தில் நடந்த ஒரு காரியம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2009-ல் அந்தக் கோஷ்டி ஸ்திராவின்ஸ்கியின் இசையை வாசிப்பதைப் பல காமிராக்களால் படம் பிடித்து, ஒரு கட்டிடத்தின் அறை அறையாகத் திரையில் காட்டினார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். பிடில்காரர் நடுவில் நிற்கலாம்; முரசுக்காரர் பக்கத்தில் நிற்கலாம்; குச்சிக்காரர் இடத்திலும் நிற்கலாம். 2012-ல் லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சி சாலையிலேயே இதுபோன்ற ஒன்றை வைத்தார்கள். கர்ப்பக்கிருகத்தைத் திறந்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மூலஸ்தானத்தில் கல் இருந்தால் மரியாதை போய்விடும். உழைப்பு இருந்தால் மரியாதை அதிகமாகும். அதனால்தான் உழைப்பாளி கதவைத் திறக்கிறான். புரோகிதன் கதவைச் சாத்துகிறான்.

இவ்வளவும் நன்றாயிருக்க, சங்கீத மண்டபத்தின் உண்மையான மூலஸ்தானம் எது என்பது பிற்பாடுதான் வெளியாயிற்று. 2020-ல் அவர் சான்பிரான்சிஸ்கோ நகரக் கோஷ்டிக்குத் தலைவரானார். பல துறை ஆட்களில் எட்டுப் பேரைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டார்; அவர்களில் யந்திர மனிதர்களைச் செய்யும் விஞ்ஞான அம்மையார் ஒருவரும் உண்டு. 2024 மார்ச்சில், ஒப்பந்தம் முடிந்ததும் தாம் இருக்கப் போவதில்லை என்று அறிவித்தார். காரணம் என்ன? இந்த ஸ்தாபனம் எங்கே போக வேண்டுமென்பதில் நிர்வாக சபையின் நோக்கம் வேறு, தமது நோக்கம் வேறு என்று பகிரங்கமாகவே சொல்லிவிட்டார். பணமில்லை, வரவுக்குமேல் செலவு என்றது சபை. செல்வமெல்லாம் நிதியில் சேர்த்து வைத்திருக்கிறதே என்றார்கள் வாத்தியக்காரர்கள். அவர் போகக் கூடாதென்று வாத்தியக்காரர்களும் கேட்பவர்களும் கையெழுத்து வாங்கினார்கள். துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். சபை அசையவில்லை.

அதே வருஷம் செப்டம்பரில் அங்குள்ள பாடகர் கூட்டம் சம்பளக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தது. சுமார் 150 பேர் பாடும் கூட்டத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் முப்பது பேர் சொச்சந்தான். அந்த முப்பது பேர் வயிற்றில்தான் சிக்கனம் தொடங்க வேண்டுமாம்! அப்போது பாட வேண்டியிருந்தது வெர்தியின் ரெக்வியம். செத்தவர்களுக்கு மோட்சம் கேட்கும் பாட்டு. கச்சேரிகள் ரத்தாயின. உயிரோடு பாடுகிறவனுக்குக் கூலியில்லை என்றால் செத்தவனுக்கு மோட்சமும் இல்லை என்பதை ஜனங்கள் கண்ணாரக் கண்டார்கள்.

2025 ஜூனில் மாஹ்லரின் இரண்டாவது சிம்பொனியை நடத்திவிட்டுச் சாலோனென் வெளியேறினார். செப்டம்பரிலேயே லாஸ் ஏஞ்சல்ஸும் பாரிசும் அவருக்குப் புதுப் பதவிகளை அறிவித்தன.

இதைப் படித்துவிட்டுச் சில தோழர்கள், "கடவுளை இறக்கிவிட்டு அந்தப் பீடத்தில் சாலோனெனை ஏற்றுகிறீர்களா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். நமது பதில் இது: அவரும் மனிதர், கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்தவர், பெருங்கூலியே வாங்கினவர். ஒரு வாசல் மூடினால் அவருக்கு இரண்டு வாசல் திறக்கிறது. வேலைநிறுத்தம் செய்த பாடகருக்கு எந்தப் பாரிசு திறக்கும்? அவர் கொள்கைக்காக வெளியேறினதை மெச்சுகின்றோம். ஆனால் வெளியேற முடியாதவர்கள் உள்ளே நின்று போராடினதை அதைவிட அதிகமாக மெச்சுகின்றோம். மேஸ்திரி நல்லவராயிருந்தால் மட்டும் போதாது. கல் சுமப்பவனுக்கும் வாய் வேண்டும்.

வேறு சிலர், "பயிற்சி கொடுத்தால் எல்லோரும் சாலோனென் ஆகிவிடுவார்களா?" என்று மடக்கப் பார்ப்பார்கள். ஆகமாட்டார்கள் என்பது வாஸ்தவம். ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசம் எவ்வளவு என்பதை எப்போது அளக்க முடியும்? எல்லோருக்கும் வாத்தியமும் பள்ளியும் ஆசிரியரும் கொடுத்த பிறகல்லவா அளக்க முடியும்? நூறு பேரில் தொண்ணூறு பேரைப் பந்தயத்தில் ஓடவிடாமல் கட்டிப்போட்டுவிட்டு, ஓடின பத்துப் பேரில் முதலாவதாக வந்தவனைப் பார்த்து, "இவன் காலில் தெய்வம் இருக்கிறது" என்றால் அது என்ன ஓட்டம்? 113 வருஷம் கட்டிப்போட்டிருந்ததற்குச் சொன்ன சமாதானமும் இதுவேயல்லவா?

ஆகவே தோழர்களே! தெய்வ வரம் என்ற சொல்லால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். வரம் என்று சொல்லிவிட்டால் பள்ளிக்கூடம் கட்டப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. பிறவி என்று சொல்லிவிட்டால் பெண்ணுக்குக் குச்சி கொடுக்க வேண்டியதில்லை. மேதை என்று ஒருவரைத் தூக்கிவிட்டால் மற்ற நூறு பேர் கூலியைக் குறைக்கலாம். கலை புனிதமானது என்று சொல்லிவிட்டால், பணப்பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். இத்தனை லாபம் இருப்பதால்தான் இந்தப் புரட்டுக்கு இவ்வளவு நல்ல உடுப்புத் தைத்துப் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை, பெண்ணோ ஆணோ, ஏதாவதொரு வித்தையைக் கற்க ஆசைப்பட்டால், "நமக்கெல்லாம் அது வருமா?" என்று கேட்காதீர்கள். வாத்தியம் எங்கே, பள்ளி எங்கே, அதற்குச் சர்க்கார் பணம் எங்கே என்று கேளுங்கள். முதற் கேள்வி உங்களை மண்டியிடச் செய்யும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.